முப்பத்தாறரை டிகிரிக் கோடு

மெய்ன் மக்கள் கேட்டது எளிய விஷயம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் பைன் காடுகளும் மீன்பிடித் துறைகளும் கப்பல் கட்டும் பட்டறைகளுமாகக் கிடந்த அந்தப் பகுதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குள் இருந்தது. நடுவில் நியூஹாம்ப்ஷயர் புகுந்து இரண்டையும் பிரித்திருந்தபோதும் ஆட்சி பாஸ்டனிலிருந்துதான் நடந்தது. எங்களைத் தனி மாநிலமாக விடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1819இல் மாசசூசெட்ஸ் சம்மதித்தது. கூடவே ஒரு கெடுவும் வைத்தது. 1820 மார்ச் 4ஆம் தேதிக்குள் நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் பிரிவினை செல்லாது. ஏற்காமலிருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் செனட்டில் அந்த மசோதாவை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டினார்கள். மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்த்துக்கொண்டால் மெய்ன் வரலாம். இல்லாவிட்டால் மெய்னும் இல்லை.

மெய்னிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போயிருந்தவர்கள் 7 பேர். அவர்களில் 5 பேர் அந்தச் சமரசத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, தவறினால் தங்கள் ஊர்க்காரர்களின் நெடுநாள் ஆசை மண்ணாகப் போகும் என்று தெரிந்தேதான் எதிர்த்தார்கள். சமரசத்தை முடித்துக்காட்டிய சபாநாயகர் ஹென்றி கிளேயைப் பள்ளிப் பாடப்புத்தகங்கள்கூடப் புகழ்கின்றன. இந்த ஐவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள், சமரசம் கைகூடாமல் போனதால் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்று வருந்துவது வழக்கம். வருத்தம் நியாயமானது. ஆனால் சமரசம் கைகூடிய 40 ஆண்டுகளுக்காக வருந்துவது யார்? என் மனம் அந்த ஆண்டுகளில்தான் போய் நிற்கிறது.

முதலில் இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 2 இடம். பெரிய மாநிலமா சிறியதா, மக்கள் எத்தனை பேர் என்ற பேச்சே கிடையாது. பிரதிநிதிகள் சபையில் மட்டும் மக்கள்தொகைக்குத் தக்க இடங்கள். அதிலும் 1787இல் எழுதிய அரசமைப்புச் சட்டம் ஒரு வழி செய்து வைத்திருந்தது: அடிமைகளாக இருப்பவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிக்கொள்ளலாம். வாக்களிக்க முடியாத, சாட்சி சொல்ல முடியாத, தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று உரிமை கோர முடியாத மனிதர்கள், தங்கள் எஜமானர்களுக்குக் கூடுதல் இடங்களைப் பெற்றுத்தந்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அதே கணக்குதான். இவ்வளவு இருந்தும் வடக்கின் மக்கள்தொகை முந்திக்கொண்டே போனது. 1819 வாக்கில் பிரதிநிதிகள் சபையில் வடக்குக்கு 105 இடம், தெற்குக்கு 81. தெற்கத்தியத் தோட்ட முதலாளிகளுக்கு மிஞ்சிய அரண் செனட் ஒன்றுதான். 1819 டிசம்பரில் அலபாமா சேர்ந்ததும் சுதந்திர மாநிலங்கள் 11, அடிமை மாநிலங்கள் 11 என்று நின்றது.

மிசூரி அந்த 11க்கு 11ஐக் கலைக்க வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1819 பிப்ரவரியில், நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் டால்மேட்ஜ் என்ற பிரதிநிதி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மிசூரிக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. மாநிலமான பிறகு அங்கே அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். இவ்வளவுதான். அப்போது அடிமைகளாக இருந்த ஒருவரைக்கூட அந்தத் திருத்தம் விடுவிக்காது. பிறக்கப்போகிற பிள்ளையும் உடலில் வலு உள்ள முதல் பாதி வாழ்க்கையை எஜமானுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரும். இத்தனை மெதுவான விடுதலையைக்கூடத் தாங்க முடியாமல் நாடு அதிர்ந்தது. ஒன்றியம் உடையும், ரத்தம் ஓடும் என்று சபைக்குள்ளேயே முழங்கினார்கள். பிரதிநிதிகள் சபையில் தேறிய திருத்தம் செனட்டில் விழுந்தது.

1820இல் மிசூரியில் அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். 1860இல் அதே மாநிலத்தில் சுமார் 1,15,000 பேர். டால்மேட்ஜின் திருத்தம் தோற்றது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவதற்கு முன் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே எத்தனை பிறப்புகள், எத்தனை விற்பனைகள் இருக்கின்றன என்று யோசிக்க வேண்டும்.

சமரசம் இப்படி முடிந்தது. மெய்ன் சுதந்திர மாநிலம், மிசூரி அடிமை மாநிலம், 12க்கு 12. அதோடு, பிரான்சிடமிருந்து 1803இல் வாங்கிய லூயிசியானா நிலப்பரப்பில் 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே, மிசூரி நீங்கலாக, அடிமைமுறை என்றைக்கும் கூடாது என்று ஒரு கோடு. அந்தச் சட்டப் பிரிவை முழுதாகப் படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். கோட்டுக்கு வடக்கே தப்பி ஓடி வந்த அடிமையை உரியவர் பிடித்துக்கொண்டு போகலாம் என்று அதே பிரிவின் கடைசியில் எழுதி வைத்தார்கள். தடையும் தடையைத் தாண்டும் வழியும் ஒரே பத்தியில். இந்தக் கோட்டைக் கௌரவமான ஏற்பாடாக என்னால் பார்க்க முடியாததற்கு இந்தக் கடைசி வாக்கியம் ஒரு முக்கியக் காரணம்.

மெய்னின் 7 பேரில் சமரசத்தை ஆதரித்த இருவரில் ஒருவர் ஜான் ஹோம்ஸ். அவருக்குத்தான் தாமஸ் ஜெஃபர்சன் 1820 ஏப்ரலில் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். மிசூரி விவகாரம் நள்ளிரவில் அடிக்கும் தீயணைப்பு மணிபோலத் தன்னை உலுக்கிவிட்டது, இது ஒன்றியத்தின் சாவுமணி என்றார். அந்தப் பகுதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கடிதத்தில் அவர் முன்வைத்த வாதத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. அடிமைகளை அகன்ற நிலப்பரப்பில் பரவவிட்டால் அவர்கள் இன்னும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், சுமை பலரிடம் பிரிவதால் விடுதலையும் எளிதாகும் என்பது அந்த வாதம். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கை இதையும் எழுதியது. எதிர்ப்பக்கத்தில் அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜான் குயின்சி ஆடம்ஸ், தான் பார்ப்பது ஒரு பெரிய துயர நூலின் முகப்புப் பக்கம் என்று நாட்குறிப்பில் எழுதினார். எழுதிவிட்டுச் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். ஒன்றியம் அவருக்கும் பெரிதாக இருந்தது.

பரவுவது என்றால் நடைமுறையில் என்ன? இன்றைய வர்ஜீனியாவில் பொடோமாக் ஆற்றங்கரையில் அலெக்சாண்டிரியா என்ற ஊர். நாட்டின் தலைநகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே டியூக் தெருவில் 1828 முதல் ஃபிராங்க்லின் அண்டு ஆம்ஃபீல்ட் என்ற கம்பெனி நடந்தது. வாலிபர்களையும் இளம்பெண்களையும் ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்வார்கள். புகையிலை விளைந்து சத்துப்போன வர்ஜீனியா, மேரிலாந்து நிலங்களில் ஆட்கள் ‘உபரி’. மிசிசிப்பியிலும் லூயிசியானாவிலும் பருத்திக்கு ஆட்கள் போதவில்லை. வாங்கியவர்களைச் சுவர் சூழ்ந்த முற்றத்தில் அடைத்து வைத்துக் கூட்டம் சேர்ந்ததும் அனுப்புவார்கள். சிலரை நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலில், சிலரைத் தரைவழியாக. ஆண்கள் இருவர் இருவராகக் கைவிலங்கில், விலங்குகளை இணைத்து ஒரு நீண்ட சங்கிலி, பின்னால் பெண்கள், நடக்க முடியாத குழந்தைகள் வண்டியில், குதிரை மேல் சாட்டையோடு காவல்காரர்கள். மிசிசிப்பிக் கரையிலுள்ள நாட்செஸ் சந்தை வரை 1,500 கிலோமீட்டருக்கும் மேல், வாரக்கணக்கில் நடை. அங்கே போய்ச் சேர்ந்தவர்களைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, புதுத் துணி உடுத்தி வரிசையில் நிறுத்துவார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது 1808 முதல் சட்டவிரோதம். அதன் பிறகு புதிய நிலங்களுக்கு ஆட்கள் வந்தது பழைய மாநிலங்களின் குடும்பங்களிலிருந்துதான். 1790க்கும் 1860க்கும் இடையில் இப்படி மேல் தெற்கிலிருந்து கீழ்த் தெற்குக்குப் பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளை இன்னொரு பக்கம். வாஷிங்டனில் ஒரு மாநிலத்துக்கு ஒரு மாநிலம் என்று கைகுலுக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும், புதிய மாநிலத்தை உழ ஆட்களைப் பிய்த்தெடுத்தார்கள். ஜெஃபர்சனின் வாதத்துக்கு மக்கள்தொகைக் கணக்கு சொன்ன பதில் இது: 1820இல் அடிமைகள் 15 லட்சம், 1860இல் ஏறக்குறைய 40 லட்சம்.

சமநிலை என்று சொல்லும்போது அசையாமல் நிற்கும் ஒன்று மனதில் வருகிறது. இந்தச் சமநிலைக்கு நிற்கவே தெரியாது. ஒரு பக்கம் ஒன்று ஏறினால் மறுபக்கம் ஒன்று ஏற வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். நிலத்தில் ஏற்கெனவே யாரோ இருந்தார்கள். 1836இல் ஆர்கன்சா, 1837இல் மிச்சிகன். 1845இல் ஃபுளோரிடா, 1846இல் ஐயோவா. இந்த ஜோடிகளை அடுக்குவது எளிது. இதற்கெல்லாம் அடியில் 1830இன் செவ்விந்தியர் வெளியேற்றச் சட்டம் இருக்கிறது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி மண்ணிலிருந்து செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா மக்களைத் துரத்திய பிறகுதான் அங்கே பருத்தி பரவியது. 1838-39 குளிர்காலத்தை ஒட்டிய வெளியேற்றத்தில் மட்டும் செரோக்கிகள் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. செரோக்கிச் செல்வந்தர்கள் சிலரிடமும் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். அதே பாதையில் அவர்களும் நடந்தார்கள். அந்தத் துயரத்தின் கதையிலும் கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த வேகத்துக்குப் பின்னால் இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளின் பசி இருந்தது. அமெரிக்கப் பருத்தியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று பிரிட்டனுக்கும் தோன்றியது. 1840களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு வரவழைத்தது. அவர்களில் சிலர் வந்து சேர்ந்த இடம் கோயம்புத்தூர். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் நடந்த சோதனைப் பண்ணைகளில் அமெரிக்க விதைகளை விதைத்தார்கள். அடிமைகளை ஏவிப் பயிர் செய்து கற்ற தொழிலை நம் கரிசல் மண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் அவர்கள் என்பதை, கொங்கு நாட்டுப் பருத்தியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம்.

டெக்சாஸுக்கு வருகிறேன். அது மெக்சிகோவின் நிலம். மெக்சிகோ 1829இல் அடிமைமுறையை ஒழித்தது. அங்கே குடியேறியிருந்த அமெரிக்கர்கள் விலக்குக் கேட்டு வாங்கினார்கள். 1836இல் பிரிந்து தனிக் குடியரசு கண்டபோது, தங்கள் சட்டமன்றமே நினைத்தாலும் அடிமைகளை விடுவிக்க முடியாது என்று அரசமைப்பில் எழுதிக்கொண்டார்கள். 1845இல் அமெரிக்கா அதைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட தீர்மானத்தில், பிற்காலத்தில் டெக்சாஸிலிருந்து மேலும் 4 மாநிலங்கள் வரை பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. வருங்காலச் செனட் இடங்களுக்கு முன்கூட்டியே துண்டு போட்டு வைத்தார்கள். அடுத்த ஆண்டே மெக்சிகோவோடு போர். 1848இல் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தது.

அந்தப் போர் நடக்கும்போதே, 1846 ஆகஸ்டில், பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட் ஒரு நிபந்தனையை முன்மொழிந்தார்: மெக்சிகோவிடமிருந்து எடுக்கும் நிலத்தில் அடிமைமுறை கூடாது. பிரதிநிதிகள் சபை ஏற்றது, செனட் ஏற்கவில்லை. வில்மட்டைக் கொண்டாட நினைக்கும்போது அவர் சொன்ன காரணம் குறுக்கே வருகிறது. கறுப்பர்கள் மீது அனுதாபம் கொண்டு கேட்கவில்லை, வெள்ளை உழைப்பாளிகள் அவமானமின்றிப் பிழைக்க ஓர் இடம் கேட்கிறேன் என்று வெளிப்படையாகவே பேசினார். இதை ஒரு தனிமனிதரின் குறையாக ஒதுக்க முடியாது. மிசூரி 1820இல் எழுதிய அரசமைப்பு, சுதந்திரமான கறுப்பினத்தவர் மாநிலத்துக்குள் குடிவரவே கூடாது என்றது. அதைச் சமாளிக்க 1821இல் கிளே இரண்டாவது சமரசம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. மிசூரியாவது அடிமை மாநிலம். சுதந்திர மாநிலமாக 1859இல் சேர்ந்த ஓரிகனும் கறுப்பினத்தவர் வந்து குடியேறக் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் சேர்ந்தது. தராசின் இரண்டு தட்டிலும் வெள்ளையர்களின் நலன்தான் இருந்தது. கறுப்பின மக்கள் எடைக்கல்.

தங்கம் கிடைத்த கலிஃபோர்னியா 1850இல் சுதந்திர மாநிலமாக வந்தது. 15க்கு 15 என்றிருந்தது 16க்கு 15 ஆனது. ஈடாகத் தெற்கு கேட்டு வாங்கியது தப்பியோடும் அடிமைகள் பற்றிய புதிய சட்டம். பிடிபட்டவரை ஒரு ஆணையர் முன் நிறுத்துவார்கள். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. ஆணையர் அவரை எஜமானிடம் ஒப்படைத்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். ஒப்படைக்க அதிகக் காகித வேலை இருக்கிறது என்று விளக்கம் கொடுத்தார்கள். மாநிலங்கள் சமமாக இல்லாமல் போனதைச் சரிக்கட்ட, ஒரு மனிதரின் விடுதலைக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே 5 டாலர் வித்தியாசம் வைத்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் தப்பி வந்து பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் கனடாவுக்கு ஓடினார்கள்.

கன்சாஸ் கதை பலரும் அறிந்தது. 1854இல் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் 36 டிகிரி 30 நிமிடக் கோட்டையே அழித்தார். அங்கங்கே குடியேறுகிறவர்கள் வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். 1855 மார்ச்சில் கன்சாஸில் தேர்தல். வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,000க்கும் மேல். மிசூரியிலிருந்து எல்லை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு துப்பாக்கிகள் பேசின.

இந்தக் கோடு ஒரு குடும்பத்தின் மேல் எப்படி விழுந்தது என்று பார்க்க வேண்டும். அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட்டை அவரது எஜமானரான ராணுவ மருத்துவர் ஜான் எமர்சன் மிசூரியிலிருந்து சுதந்திர மாநிலமான இலினாய்ஸுக்கும், பிறகு கோட்டுக்கு வெகு வடக்கே இன்றைய மினசோட்டாவிலுள்ள ஸ்னெல்லிங் கோட்டைக்கும் கூட்டிப் போனார். அங்கே ட்ரெட்டுக்கும் ஹாரியட் ராபின்சனுக்கும் திருமணம் நடந்தது, அதுவும் முறைப்படி ஒரு நடுவர் முன்னிலையில். அடிமைகளின் திருமணத்தைத் தெற்கில் சட்டம் திருமணமாகவே ஏற்பதில்லை. மூத்த மகள் எலைசா மிசிசிப்பி ஆற்றில் ‘ஜிப்சி’ என்ற நீராவிப் படகில் பிறந்தாள். படகு அப்போது மிசூரியின் வட எல்லைக்கும் வடக்கே இருந்தது என்று நீதிமன்ற ஆவணம் குறித்து வைத்திருக்கிறது. தங்கை லிஸி மிசூரிக்குள் ஒரு ராணுவ முகாமில் பிறந்தாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் யார் எங்கே பிறந்தாள் என்பதை டிகிரிக் கணக்கில் வாதாட வேண்டிய நிலை.

1846 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் ட்ரெட்டும் ஹாரியட்டும் தனித்தனியே வழக்குப் போட்டார்கள். சுதந்திர மண்ணில் குடியிருந்தவர் மீண்டும் அடிமையாக முடியாது என்று மிசூரி நீதிமன்றங்களே 1824 முதல் தீர்ப்புச் சொல்லி வந்தன. 1850இல் ஜெயித்தார்கள். 1852இல் மிசூரி உச்ச நீதிமன்றம் காலம் மாறிவிட்டது என்று சொல்லித் தன் பழைய தீர்ப்புகளையே கைவிட்டது. 1857 மார்ச் 6ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பைப் படித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடிமக்கள் ஆக முடியாது. பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. ஆகவே 1820இன் கோடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. அரசமைப்பு ஏற்கப்பட்ட காலத்திலேயே 5 மாநிலங்களில் சுதந்திரமான கறுப்பினத்தவர் வாக்களித்ததை நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் தன் மாற்றுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். 7க்கு 2இல் அது எடுபடவில்லை. சில வாரங்களில் ட்ரெட்டின் முதல் எஜமானரின் குடும்பத்தார் ஸ்காட்டுகளை வாங்கி விடுவித்தார்கள். ட்ரெட் ஒரு ஹோட்டலில் போர்ட்டராக வேலை பார்த்தார். ஹாரியட் துணி வெளுத்தார். 1858 செப்டம்பரில் ட்ரெட் காசநோயால் இறந்தார்.

டால்மேட்ஜின் திருத்தம் நிறைவேறியிருந்தால், மிசூரி மாநிலமான 1821இல் அங்கே பிறந்த ஓர் அடிமைக் குழந்தைக்கு 25 வயது நிறைவது 1846இல். ஸ்காட்டுகள் படியேறிய அதே ஆண்டு.

1860 டிசம்பரில், குடியரசுத் தலைவராக லிங்கன் பதவியேற்கும் முன், கென்டக்கியின் செனட்டர் ஜான் கிரிட்டன்டன் கடைசி முயற்சியாக ஒரு திட்டம் வைத்தார். பழைய கோட்டை உயிர்ப்பித்துப் பசிபிக் கடல் வரை நீட்டலாம். கோட்டுக்குத் தெற்கே இப்போது இருக்கும் நிலத்தில் மட்டுமல்ல, இனிமேல் சேரப்போகும் நிலத்திலும் அடிமைமுறைக்குப் பாதுகாப்பு. லிங்கன் பலவற்றுக்கு இணங்கத் தயாராக இருந்தார். ஏற்கெனவே அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதைத் தொடமாட்டோம் என்று அரசமைப்பிலேயே உறுதி கொடுப்பதற்குக்கூட அவர் மறுப்புச் சொல்லவில்லை; அந்த இணக்கம் எனக்குக் கசக்கிறது. பரவலில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தன் கட்சியினருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். இந்தக் கோட்டுக்கு ஒப்புக்கொண்டால் ஓராண்டுக்குள் கியூபாவை எடுத்துக்கொடு, இல்லாவிட்டால் பிரிந்து போகிறோம் என்று தெற்கத்தியர்கள் வந்து நிற்பார்கள் என்பது அவர் கணிப்பு. கியூபாவை ஸ்பெயினிடமிருந்து வாங்க அல்லது பிடுங்க 1854இலேயே திட்டம் தீட்டியவர்கள் அவர்கள். நிகராகுவாவில் புகுந்து தன்னைத் தலைவனாக்கிக்கொண்ட வில்லியம் வாக்கர் என்ற டென்னசிக்காரன், 1856இல் அங்கே ஒழிந்திருந்த அடிமைமுறையைத் திரும்ப அனுமதித்ததையும் நாடு பார்த்திருந்தது. மெய்னின் ஐவர் 40 ஆண்டு முன்பு எதிர்த்த பேரத்துக்கு முடிவே கிடையாது என்பதை லிங்கன் புரிந்துகொண்டிருந்தார்.

1861 ஜனவரி 21ஆம் தேதி ஜெஃபர்சன் டேவிஸும் வேறு சில தெற்கத்தியச் செனட்டர்களும் விடைபெற்று வெளியேறினார்கள். கன்சாஸைச் சுதந்திர மாநிலமாகச் சேர்க்கும் மசோதாவை அன்றே செனட் நிறைவேற்றியது. எதிர்த்தட்டில் எதை வைப்பது என்று கேட்கிறவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

மிசூரி ஒன்றியத்தை விட்டுப் பிரியவில்லை. அதனால் லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் அதற்குப் பொருந்தவும் இல்லை. ஆனால் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கத் தொடங்கியதும், மிசூரியின் தோட்டங்களையும் வீடுகளையும் விட்டு வாலிபர்கள் இரவோடு இரவாக ஆள்சேர்ப்பு முகாம்களுக்கு நடந்தார்கள். பின்னால் ரோந்துக்காரர்கள், வீட்டில் விட்டுவந்த மனைவி மக்கள் மேல் எஜமானர்களின் ஆத்திரம். அப்படியும் 8,000 பேருக்கு மேல் அந்த மாநிலத்திலிருந்து சேர்ந்தார்கள். 1865 ஜனவரி 11ஆம் தேதி செயின்ட் லூயிஸில் கூடிய மாநில மாநாடு, 60க்கு 4 என்ற வாக்கில், வயது வரம்பும் காத்திருப்புக் காலமும் ஏதுமில்லாமல் அடிமைமுறையை ஒழித்தது. ஹாரியட் ஸ்காட் அப்போது அதே ஊரில்தான் இருந்தார். இன்னும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.